எழுபது வயதுக்கு மேல் சுகர் இறங்கினால்

சுகர் ஏறினால் வீட்டில் எல்லோரும் கண்டிக்கிறார்கள், இறங்கினால் பாராட்டுகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் காலையில் என்னோடு நடக்க வருகிற பெண்கள் பேசிக்கொள்வதும் இப்படித்தான். "எனக்கு வெறும் வயித்துல எழுபத்தஞ்சுதான்" என்று ஒருவர் சொல்ல, "நீங்க கொடுத்து வச்சவங்க, என்ன கஷாயம் குடிக்கிறீங்க" என்று இன்னொருவர் கேட்க, அப்புறம் வெந்தயம், ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான் என்று பேச்சு போய்விடும். அந்த எழுபத்தைந்து எப்படி வந்தது, அவர் என்ன மாத்திரை போடுகிறார், போன வருஷம் சாப்பிட்ட அளவு இப்போது சாப்பிடுகிறாரா என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன்.

எனக்கு வயது 72. டைப் 2 சர்க்கரை வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இத்தனை வருஷமும் 'ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்ட பாடம். ஐம்பது வயதில் அது சரியான பாடம்தான். கண், சிறுநீரகம், கால் நரம்பு எல்லாவற்றையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய வருஷங்கள் அவை. எழுபதைத் தாண்டினால் கணக்கு மாறுகிறது. கொஞ்சம் கூடுதலாக நிற்கிற சுகர் கெடுதல் செய்ய வருஷங்கள் பிடிக்கும், இறங்கிப்போன சுகர் ஒரே ராத்திரியில் ஆளைச் சாய்த்துவிடும். இதை என் வயதுக்காரர்களுக்கும், அதைவிட முக்கியமாக எங்களைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

என் அண்ணனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது, முசிறிப் பக்கம் கிராமத்தில் அண்ணியோடு இருக்கிறார். ஒரு முறை வயிற்றுப்போக்கு வந்து சரியாகச் சாப்பிடாமல் படுத்திருந்தார். விடிகாலையில் அண்ணி எழுப்பினால் பேச்சு குழறுகிறது, வலது கை தூக்க வரவில்லை, யாரைப் பார்த்தாலும் அடையாளம் தெரியாத பார்வை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் பக்கவாதம் என்றே முடிவு செய்துவிட்டார்கள். ஒருவர், வாதத்துக்கு நாட்டு வைத்தியம் பார்க்கிற ஊருக்கு வண்டி ஏற்பாடு செய்யவே கிளம்பிவிட்டார். நல்லவேளை, அண்ணி 108-ஐ அழைத்திருந்தார். வந்த பையன் முதல் வேலையாக விரலில் குத்திப் பார்த்தான். 38. குளுக்கோஸ் ஏற்றியதும் கொஞ்ச நேரத்தில் அண்ணன் கண் விழித்து, "எதுக்கு இவ்வளவு கூட்டம்" என்று கேட்டாராம். கையும் பழையபடி தூக்க வந்துவிட்டது.

இதில் ரெண்டு விஷயம் இருக்கிறது. சுகர் ரொம்ப இறங்கினால் பக்கவாதம் மாதிரியே ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடலாம், அதனால் சர்க்கரைக்காரர் யார் குழறிப் பேசினாலும் முதலில் சுகரைப் பார்த்துவிட வேண்டும். அதற்காக ஆம்புலன்ஸைத் தாமதப்படுத்தக் கூடாது, உண்மையிலேயே பக்கவாதமாகவும் இருக்கலாம். இரண்டாவது, அண்ணனுக்கு அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலேயே மறுபடியும் இறங்கிவிட்டது. ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி "சரியாயிடுச்சு, கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பியிருந்தால் அந்த ராத்திரி வீட்டில் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. காரணம் அவர் போட்டுக்கொண்டிருந்த மாத்திரை. அண்ணி சொன்ன வாக்கியம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது: "நேத்து முழுக்க ஒரு டம்ளர் கஞ்சிதான் குடிச்சாரு. மாத்திரையை மட்டும் வேளை தவறாம போட்டுக்கிட்டாரு."

அந்த மாத்திரை கிளிபென்கிளமைடு. டயோனில் என்று சொன்னால் பழைய ஆட்களுக்குப் புரியும். விலை மலிவு, நன்றாக வேலை செய்யும், அதனாலேயே பல வருஷமாக நம் ஊரில் புழக்கத்தில் இருக்கிறது. கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கிற சல்ஃபோனைல்யூரியா வகையைச் சேர்ந்தது. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று இந்த வகை மாத்திரைக்குத் தெரியாது, அது பாட்டுக்கு இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். அதிலும் கிளிபென்கிளமைடு உடம்பில் சிதைந்த பிறகும் அந்தச் சிதைவுப் பொருள்களுக்குச் சுகரைக் குறைக்கிற சக்தி இருக்கிறது, அவற்றில் பாதியளவு சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். சிறுநீரகம் மெதுவாகிவிட்ட வயதில் அவை தேங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே, 60 வயதுக்கு மேல் கிளிபென்கிளமைடு ஏற்றதல்ல என்று குறிப்பு இருக்கிறது. ஆனால் ஐம்பத்தைந்தில் எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு எழுபத்தைந்திலும் மெடிக்கலில் வாங்கிச் சாப்பிடுகிற அப்பாக்களும் மாமாக்களும் எத்தனை பேர்!

அதே வகையில் கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு என்று மற்றவையும் இருக்கின்றன. கிளிக்லசைடில் ஆபத்து குறைவு, இல்லாமல் இல்லை. இன்சுலின் ஊசியும் இறக்கிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கோ, சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் மாதிரி 'கிளிப்டின்' என்று முடிகிற மாத்திரை மட்டும் போடுகிறவர்களுக்கோ சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்குவது அபூர்வம். அதனால் உங்கள் அம்மாவோ அப்பாவோ போடுகிற மாத்திரை அட்டையைத் திருப்பி, கம்பெனி பெயரை விட்டுவிட்டு, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஒரே மாத்திரைக்குள் ரெண்டு மூன்று மருந்து இருக்கும். கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின், வாக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை நம் ஊரில் ரொம்ப சாதாரணம். "நான் ஒரு மாத்திரைதான் போடறேன்" என்று சொல்கிறவர் உண்மையில் மூன்று மருந்து சாப்பிடுகிறார்.

சரி, இருபது வருஷமாக ஒத்துக்கொண்ட மாத்திரை இப்போது மட்டும் ஏன் இறக்குகிறது? மருந்து அதேதான், உடம்பு வேறு. எனக்கே பல் போய், செட் கட்டி, மெல்ல முடியாமல் மூன்று இட்லி ரெண்டாகி, ராத்திரி சாப்பாடு ஒரு தோசையாகச் சுருங்கியது. எடை குறைந்தது. உடம்பில் சதை குறைந்தது. சாப்பாடு பாதியானால் மாத்திரை முழுசாக இருக்க முடியாது இல்லையா? இதோடு சிறுநீரகமும் வயதாக ஆக மெதுவாகிறது. இன்சுலினை உடம்பிலிருந்து கழிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, அது தளர்ந்தால் நம் உடம்பு சுரக்கிற இன்சுலினும் ஊசியில் போடுகிற இன்சுலினும் கூடுதல் நேரம் தங்கிவிடும். இங்கே ஒரு ஏமாற்றம் உண்டு. சிறுநீரகத்தைச் சோதிக்க ரத்தத்தில் பார்க்கிற கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வருவது. தசை வற்றிப்போன வயதானவருக்குச் சிறுநீரகம் பாதி வேலை செய்தாலும் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் நார்மல் என்றே வரலாம். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று வயதையும் சேர்த்துக் கணக்கிட்டுச் சொல்கிற இஜிஎஃப்ஆர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பல லேப்களில் அதே ரத்தத்தில், அதே ரிப்போர்ட்டிலேயே போட்டுத் தருவார்கள்.

மாத்திரையில் எந்த மாற்றமும் இல்லாமல் சுகர் தானாக இறங்கிக்கொண்டே வந்தால் 'நோய் போயிடுச்சு' என்று பாயசம் வைக்காதீர்கள். பசி ஏன் குறைந்தது, எடை ஏன் குறைகிறது, சிறுநீரகம், கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டிய நேரம் அது.

அடுத்து அறிகுறிகள். கை நடுக்கம், படபடப்பு, வியர்வை, அகோரப் பசி என்று எல்லாச் சுவரொட்டியிலும் எழுதியிருப்பார்கள். வயதானவர்களுக்கு, அதிலும் ரொம்ப வருஷமாகச் சர்க்கரை இருப்பவர்களுக்கு, இந்த எச்சரிக்கை மணி மழுங்கிப் போய்விடும். அடிக்கடி இறங்கினால் இன்னும் மழுங்கும். நேராக மூளையில் காட்டும். கேட்டதையே திரும்பக் கேட்பது, காரணமில்லாத கோபம், டிவியை வெறித்துப் பார்ப்பது, நடையில் தள்ளாட்டம், சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் விழிப்பது. வீட்டில் உள்ளவர்கள் "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவரிடம் "வழுக்கிடுச்சா?" என்று கேட்கிறோம், சுகர் எவ்வளவு இருந்தது என்று கேட்பதில்லை. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ ப்ரோப்ரனலால் மாதிரி பீட்டா பிளாக்கர் மாத்திரை போடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் பெரும்பாலும் வரும். ஃபேன் ஓடுகிற அறையில் அப்பாவுக்குத் திடீரென்று கழுத்தெல்லாம் நனைந்தால் மீட்டரை எடுங்கள்.

எனக்கு இறங்கிக்கொண்டிருந்தது ராத்திரியில். அதனால் எனக்கே தெரியவில்லை. கெட்ட கனவு, தலையணை ஈரம், காலையில் தலைவலி, எழுந்தால் அடித்துப் போட்ட மாதிரி அசதி. மகன்தான் கையில் ஒட்டிக்கொள்கிற சென்சார் வாங்கித் தந்தான். 14 நாள் ஒட்டிக்கொண்டே இருக்கும், ராத்திரி பகல் என்று சுகரைப் பதிவு செய்யும். விடிகாலை மூன்று மணிவாக்கில் ஐம்பதுகளில் இறங்கி, ஆறு மணிக்குத் தானாக ஏறியிருந்தது. (அந்தக் கையை அழுத்திப் படுத்தால் சென்சார் பொய்யாகக் குறைத்துக் காட்டும், அதனால் விரலில் குத்தியும் உறுதி செய்துகொண்டோம்.) சென்சார் விலை எல்லோருக்கும் கட்டாது. வேண்டியதுமில்லை. சந்தேகம் இருந்தால் சில நாள் மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து சாதாரண மீட்டரில் பார்த்தாலே போதும்.

அப்போது என் மூன்று மாச சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை, 6.1 சதவீதம். பார்த்தவர்கள் எல்லாம் மெச்சிய எண் அது. சராசரிக்குள் ராத்திரி ஐம்பதும் மத்தியானம் இருநூறும் ஒளிந்துகொள்ளும் என்று அந்தச் சென்சார் படத்தைப் பார்த்த பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது. டாக்டர் கிளிமெபிரைடை முதலில் பாதியாக்கி, பிறகு முழுசாக நிறுத்திவிட்டு, சிறுநீரகத்துக்குத் தகுந்த அளவில் மெட்ஃபார்மினும் ஒரு கிளிப்டினும் மட்டும் வைத்தார். இப்போது சராசரி 7.3. கனவு நின்றது, தலைவலி போனது, காலையில் தெளிவாக எழுகிறேன்.

7.3 என்றதும் சொந்தக்காரர்கள் பதறினார்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலில் ஆரோக்கியமாக இருக்கிற முதியவர்களுக்கே 7 முதல் 7.5-க்குள் என்றுதான் இருக்கிறது. பல நோய்கள் சேர்ந்து, அன்றாட வேலைக்குத் துணை தேவைப்படுகிறவர்களுக்கு 8-க்குள் இருந்தால் போதும். ரொம்பத் தளர்ந்து படுக்கையில் இருப்பவர்களுக்கு அந்த எண்ணைத் துரத்தவே வேண்டாம், இறங்காமலும், தாகமும் சிறுநீரும் பெருகுகிற அளவுக்கு ஏறாமலும் இருந்தால் சரி என்கிறார்கள். இறுக்கிப் பிடித்தால் நல்லது என்ற நம்பிக்கைக்குப் பெரிய அடி விழுந்தது 2008-ல். அக்கார்டு என்ற ஆய்வில் பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்த்திருந்தார்கள், எல்லோரும் டைப் 2, சராசரி வயது அறுபதுக்குச் சற்று மேல், இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ளவர்கள். ஒரு பிரிவினருக்குச் சராசரியை 6-க்குக் கீழே கொண்டுபோக முயன்றார்கள். அந்தப் பிரிவில் மரணங்கள் கூடியதால் அந்தத் தீவிர சிகிச்சையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். சுகர் கடுமையாக இறங்கியதும் அந்தப் பிரிவில்தான் அதிகம். எண்பது வயது அம்மாவின் ரிப்போர்ட்டில் 6.2 பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் கைதட்டல் போடுகிற பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இறங்கிவிட்டால் என்ன செய்வது? 70-க்குக் கீழே வந்தாலே இறக்கம்தான், 54-க்குக் கீழே ஆபத்து. சுயநினைவோடு, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் 15 கிராம் சர்க்கரைச் சத்து உடனே கொடுங்கள். அதாவது மூன்று நாலு டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ தண்ணீரில் கலந்து, அல்லது அரை டம்ளர் பழச்சாறு. 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு இட்லியோ வாழைப்பழமோ பிஸ்கட்டோ ஏதாவது சாப்பிட வையுங்கள், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். சாக்லேட், லட்டு கொடுக்கிறார்கள், அதில் இருக்கிற கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். மீட்டர் கையில் இல்லை என்றால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் கொடுத்துவிடுங்கள்.

வாக்லிபோஸ், அகார்போஸ் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். இந்த மருந்துகள் குடலில் சாதாரண வெள்ளைச் சர்க்கரை உடைவதையே தடுக்கின்றன. அதனால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் வேகமாக ஏறாது. சுவை சேர்க்காத குளுக்கோஸ் பொடியே வேண்டும், அது இல்லாதபோது தேன். நான் சொன்ன அந்த மூன்று மருந்து மாத்திரை போடுகிற வீடுகளில் ஒரு டப்பா குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும், ஒரு சின்னப் பொட்டலம் கைப்பையிலும்.

மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காபி, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரையால் இறங்கியது என்றால் ஏறிய பிறகும் ஒரு நாளாவது ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் வைத்திருக்கச் சொல்லுங்கள், அவர்களே சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

எங்கள் ஊரில் விரதம் ஒரு பெரிய விஷயம். ஏகாதசி, வெள்ளிக்கிழமை, வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபத வாசல் வரிசையில் விடிய விடிய நிற்பது. இதை விடச் சொல்லி நான் யாரிடமும் வாதாடுவதில்லை, நானும் விடவில்லை. ஆனால் சாப்பாடு இல்லாத வேளையில் கிளிமெபிரைடும் இல்லை என்பது அதை நான் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் என் டாக்டர் எனக்குச் சொன்ன விதி. உங்களுக்கு என்ன விதி என்று விரதத்துக்கு முந்தின வாரமே கேட்டு எழுதி வாங்குங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு நாள்களுக்கும் இதே மாதிரி ஒரு விதியை எழுதி வாங்கிவிடுங்கள், அந்த நாளில் போன் போட்டால் எல்லா நேரமும் டாக்டர் கிடைக்கமாட்டார். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

அப்புறம், வயதான பெண்களுக்கு அடிக்கடி வருகிற நீர்க்கடுப்பு. மெடிக்கலில் நேராகப் போய் சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த வகை ஆன்டிபயாடிக், லிவோஃப்ளாக்சசினும் சேர்த்து, சர்க்கரை மாத்திரையோடு சேரும்போது சுகரை மிக மோசமாக இறக்கலாம். முக்கியமாக முதியவர்களுக்கு இது நடக்கிறது என்று 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. கோட்ரிமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். எந்தப் புது மாத்திரை வாங்கினாலும் "சுகருக்கு இதெல்லாம் போடறேன்" என்று அட்டையைக் காட்டுங்கள்.

இன்சுலின் போடுகிற வீட்டுக்கு ஒன்று. நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட், ரெண்டரை மடங்கு. கண் மங்கிய வயதில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகத்தான் தெரியும். குப்பி மாறுகிற ஒவ்வொரு முறையும் இளையவர்கள் யாராவது எடுத்து வாசித்துச் சரிபார்த்துக் கொடுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்த பிறகு கிராமத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள், என் அண்ணனைப் போல நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி அது. வருகிற அந்தப் பெண்ணிடம் மாத்திரையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடாமல், "இப்பல்லாம் சாப்பாடு பாதியாயிடுச்சும்மா, எடை குறைஞ்சிருக்கு" என்று சொல்லுங்கள். அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டர் யோசிக்க, அந்தத் தகவல் அவர் வரைக்கும் போய்ச் சேர வேண்டும்.

அண்ணன் வீட்டு பிரிட்ஜ் கதவில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டிவைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதை வாசித்துக் காட்டியாயிற்று. வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்:

"தாத்தா குழறிப் பேசினால், வியர்த்தால், தள்ளாடினால் உடனே சுகர் பார்க்கவும். மீட்டர் மேல் தட்டில். 70-க்குக் கீழே இருந்தால் நாலு ஸ்பூன் குளுக்கோஸ் தண்ணீரில். டப்பா மீட்டர் பக்கத்திலேயே. 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்க்கவும். கூப்பிட்டால் பதில் சொல்லாவிட்டால் வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம். 108-க்கு போன் செய்து, சர்க்கரைக்காரர், வயது 78, மாத்திரைச் சீட்டு இந்தத் தாளுக்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்லவும்."